வாசல்கல்லுக்கு இந்தப் பக்கம்

முதலில் எனக்கு அநியாயம் செய்தது ஒரு கிளி, தாயி. சிரிக்காதே. சிரிப்பாய் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

நீ உப்பு விற்கிற ஊரிலெல்லாம் அந்தப் பாட்டைக் கேட்டிருப்பாய். மேட்டுநாட்டு இளவரசி எயினி, துறைநாட்டு இளவரசன் துறைமாறன். இரண்டு நாட்டுக்கும் ஏழு வருஷச் சண்டை. நடுவில் இவர்களுக்குக் காதல். ஒரு பச்சைக்கிளி பதின்மூன்று தடவை ஓலை கொண்டுபோய்ச் சேர்த்தது, சண்டை நின்றது, கல்யாணம் நடந்தது. அதோடு பாட்டு முடிந்துவிடும். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு தின்னப் போய்விடுவார்கள்.

அந்தக் கிளி நான்தான்.

இந்தக் காலைப் பார். பெருவிரல் இருக்கிறதா? ஆறாவது ஓலையின்போது துறைநாட்டான் புதைத்துவைத்த பொறியில் போனது. எந்தக் கிளிக்காவது விரல் போயிருக்கிறதா? ஓலையில் என்ன எழுதியிருந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. எழுத்து படிக்க வராது. இரண்டு பேரில் ஒருவராவது, 'வேங்கா, இதில் இன்னதுதான் எழுதியிருக்கிறது' என்று சொன்னார்களா என்றால் அதுவும் இல்லை. மழையில் இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினேன்.

உட்கார். எழுந்து எழுந்து பார்த்தால் பல்லக்கு சீக்கிரம் வந்துவிடுமா? அரசி வெளியே போகும்வரை வேறு யாரும் கோட்டை வாசல் தாண்டக் கூடாது என்று உத்தரவு. உன் கழுதைகளும் காலிச் சாக்குகளும் அதுவரை இங்கேதான். நீ ஒரு காலைப்பொழுது மாட்டிக்கொண்டாய். நான் இருபத்திரண்டு வருஷம்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்த வாசலை உனக்கு நான் திறப்பேன், ஆட்டுக்காரிக்குத் திறப்பேன், உன் கழுதைக்குக்கூடத் திறப்பேன். என்னை மட்டும் விடாது.

இந்தக் கல்லை நன்றாகப் பார்த்துக்கொள். கீல் இல்லை, தாழ் இல்லை. மூன்று முழப் பருமன். நான் உள்ளங்கையை வைத்து, வந்திருப்பது யார், எதற்கு என்று உள்ளதைச் சொன்னால் நகரும். இல்லாததைச் சொன்னால் ஆயிரம் பேர் தள்ளினாலும் நகராது. நேற்று நீ வந்தபோது இந்தத் துளை வழியாக உன் பேரைக் கேட்டேன் இல்லையா? 'முத்தாரின்னு சொல்லுங்க, உப்புக்காரி' என்றாய். அதைக் கல்லுக்குச் சொன்னேன். நகர்ந்தது.

இன்னொரு வழக்கம் இருக்கிறது. அந்தி நேரத்தில் பேர் சொல்ல வேண்டும். அன்றைக்கு வாசலுக்கு யார் யார் வந்தார்களோ, உள்ளே விட்டாலும் விடாவிட்டாலும், கல்லில் கை வைத்து அத்தனை பேர் பேரையும் சொல்ல வேண்டும். அரண்மனையிலிருந்து ஒருவர் வந்து நின்று கேட்டுப் போவார். ஒரு பேரை மறைத்தால் கல் மறைத்தவனைப் பிடித்துக்கொள்ளும். மறைத்ததால் யாருக்கு நோவு வந்ததோ அவர் காதில் விழும்படி, கல்லுக்கு முன்னால் நின்று மறைத்ததைச் சொன்னால் விட்டுவிடும். அவ்வளவுதான். என் அப்பாவும் வாசல்காரர்தான். ஒரு நாள் பால்காரி வந்ததைச் சொல்ல மறந்துபோனார். பால் திரிந்துபோய்விட்டது. மறுநாள் வெளியே போகப் பார்த்தால் கல் விடவில்லை. ஒன்றரை நாள் கழித்து அவள் வந்தாள், இவர் சொன்னார், இரண்டு பேரும் சிரித்தார்கள். முடிந்தது.

எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை என்கிறாயா? அதற்குத்தான் கிளியிலிருந்து ஆரம்பித்தேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பந்தியில் முதல் இலை பெண்ணுக்கும் இல்லை, மாப்பிள்ளைக்கும் இல்லை. இரண்டு பேரையும் சேர்த்துவைத்த ஆளுக்குத்தான். அவன் முதல் கவளம் எடுத்த பிறகுதான் அரசரே கை நனைப்பார். முதல் ஓலையைக் கொடுத்தபோதே எயினி சொன்னாள், 'வேங்கா, இது மட்டும் கூடி வந்துட்டா முதல் இலை உனக்குத்தான்.' நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்.

கல்யாணத்தன்று முதல் இலையில் வெள்ளிக் கூண்டோடு ஒரு கிளியை உட்கார வைத்தார்கள். அது நெய்ச்சோற்றைக் கொத்தியது. சபையே சிரித்தது. அரசருக்கு, அதாவது எயினியின் அண்ணனுக்கு, ஆனந்தத்தில் கண்ணீர் வந்துவிட்டதாம். நான் எங்கே இருந்தேன்? இதோ, இங்கே. நெய் வாசனை மட்டும் வந்தது.

மூன்றாம் நாள் அவளைப் பார்த்துக் கேட்டேன்.

'அண்ணன் கேட்டார், வேங்கா. எதிரிகிட்ட ஓலை கொண்டுபோன கை யாருதுன்னு கேட்டார். வெட்டறதுக்குத்தான் கேட்டார். நான் கிளின்னு சொல்லிட்டேன். உன் தலைக்காகத்தான்.'

'தலை இருக்கும்மா. இலை எங்கே?'

அதற்கும் சிரித்தாள். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். இது இரண்டாவது அநியாயம். எண்ணிக்கொள்.

மூன்று வருஷம் சண்டை இல்லாமல் போனது. அதற்குப் பிறகு நடந்ததை எந்தப் பாட்டுக்காரனும் பாட மாட்டான். கிளி வராது அல்லவா?

இந்தக் கோட்டைக்குத் தண்ணீர் மலைக்குள்ளே ஒரு குகை வழியாக வருகிறது. சுனைப்பாதை என்போம். ஆள் குனிந்து வரலாம். அது எங்கே தொடங்குகிறது என்பது அரச குடும்பத்துக்கு மட்டும்தான் தெரியும். எயினி அதைப் புருஷனிடம் சொன்னாள். ஆசைதான், வேறென்ன. துறைமாறன் அப்பாவைப் பார்க்கக் கடற்கரைக்குப் போனவன், பெருமைக்கு அவரிடம் சொல்லிவிட்டான், 'என் பெண்டாட்டி என்கிட்ட எதையும் மறைக்க மாட்டா, சுனைப்பாதையைக்கூடச் சொல்லிட்டா' என்று. கிழவர் கேட்டுக்கொண்டார். பத்தாம் நாள் விடிகிற நேரத்தில் துறைநாட்டு ஆட்கள் நனைந்த உடம்போடு சுனையிலிருந்து எழுந்து வந்தார்கள். அரசரைக் கொன்றார்கள். கூட நாற்பது பேர். எங்கள் ஆட்கள் விழித்துக்கொண்டு அடித்துத் துரத்துவதற்குள் சுனைத் தண்ணீர் சிவந்துவிட்டது.

எயினி அப்போது இங்கே இருந்தாள். ஒரே ஒருவனிடம்தான் சொன்னோம் என்று அவளுக்குத் தெரியும். அண்ணன் பாடையைத் தூக்கும் முன்பே அரசியாக உட்கார்ந்தாள். வாசலை மூடச் சொன்னாள்.

அப்பாவிடம் அவன் வாய் விட்ட கதை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறாய். கேட்பாய் என்று தெரியும். அவனே சொன்னான். இந்தத் துளை வழியாக.

எண்ணி எட்டாம் நாள், வெயில் சாய்கிற நேரம். யாரோ கல்லைத் தட்டினார்கள்.

'யாரது?'

'நான்தான். துறைமாறன். தனியா வந்திருக்கேன், கையில ஒண்ணும் இல்லை. எயினிகிட்ட சொல்லுங்க.'

'என்னன்னு?'

'அப்பாகிட்ட வாய் விட்டது நான்தான். படையை அனுப்பினது நான் இல்லை. அதை அவ முகத்தைப் பார்த்துச் சொல்லணும். அப்புறம் அவ என்னை வெட்டினாலும் சரி. என்னைக் காட்டி அப்பாகிட்ட சண்டையை நிறுத்தச் சொன்னாலும் சரி.'

நான் ஒன்று கேட்டேன். எந்த மனுஷனும் கேட்பான்.

'நான் யாருன்னு தெரியுதா?'

'குரல் தெரியுது. ஓலை கொண்டுவந்தவர் நீங்கதானே?'

'பேரு?'

துளைக்குக் கிட்டே வந்தான். பிறகு, 'தெரியலை. பேரைக் கேக்கக் கூடாதுன்னு எயினி சத்தியம் வாங்கிட்டா. தெரிஞ்சா என் வாயிலேர்ந்து வந்துடும்னு சொன்னா' என்றான்.

பார், எப்படிச் சாக்கு சொல்கிறார்கள். பதின்மூன்று தடவை என் கையிலிருந்து வாங்கினான். அந்தச் சத்தியத்தை எனக்காக ஒரு தடவை மீறியிருக்கக் கூடாதா? என் பேர் தெரியாதவன் பேரை நான் எதற்குச் சொல்ல வேண்டும்? நீயே சொல்.

அந்த நாட்களில் பேர் கேட்க எயினியே இறங்கி வருவாள். அதோ, அந்தப் படியில் நிற்பாள். அன்றைக்கும் வந்தாள்.

'யாராவது வந்தாங்களா, வேங்கா?'

கல்லில் கை வைத்தேன். 'யாரும் வரலைம்மா.'

கை சில்லிட்டது. மலைக் கல் சில்லிடாமல் வேறென்ன செய்யும்? துளையில் என் தலைத்துணியைச் செருகியிருந்தேன். குளிர்காற்று வருகிறது, அதற்காக. அவள் போன பிறகு எடுத்துவிட்டேன். அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். 'சொன்னீங்களா?' என்றான். 'சொன்னேன், யோசிக்கறாங்க' என்றேன்.

இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் அவள் போகவில்லை. நின்றாள். 'ஒருத்தர்கூடவா வரலை? நல்லா யோசிச்சுச் சொல்லு' என்றாள்.

'ஒரு நாய் வந்துதும்மா' என்றேன்.

'பாவம். ஏதாவது போட்டியா?'

அப்படிக் கேட்டாள். அண்ணன் செத்துப் பதினைந்து நாள் ஆகவில்லை, நாய்க்குச் சோறு போட்டாயா என்கிறாள். வாசல்காரனுக்கு இலை போட்டோமா என்று மட்டும் ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை. இது எத்தனையாவது? மூன்றா, நாலா? நீ எண்ணவில்லையா?

நாலாம் நாள் காலையில் தட்டிப் பார்த்தேன். பதில் இல்லை, ஆள் போய்விட்டான். எதிரி வாசலிலிருந்து இறங்கி வருகிறான் என்று அவன் ஆட்களே அவனைத் துரோகி என்று நினைத்துவிட்டார்கள். ஆற்றுத்துறையில் வைத்து அடித்துவிட்டார்கள். செத்த செய்தி இங்கே வந்தபோது எயினி அழவில்லை. அதற்குப் பிறகு அவள் நடத்திய சண்டை இருக்கிறதே, ஆண்பிள்ளை அரசன் எவனும் அப்படி நடத்தவில்லை. இரண்டு வருஷம். என் தங்கை மகன் குன்றன் இரண்டாம் வருஷம் அதே ஆற்றுத்துறையில்தான் போனான். பத்தொன்பது வயது. எனக்குப் பிள்ளை இல்லை, எனக்குப் பிறகு அவன்தான் இந்தக் கல்லில் கை வைத்திருக்க வேண்டும். அது வேறு விஷயம். அதை இதில் சேர்க்காதே.

கல் என்னைப் பிடித்துக்கொண்டது அந்த நாலாம் நாள் காலையில்தான் தெரிந்தது. விறகு எடுக்கப் போகலாம் என்று கை வைத்தேன். 'வாசல்காரன் வேங்கன், விறகுக்குப் போகிறான்' என்றேன். நகரவில்லை. பலமாகச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள். ஒரு விறகுக்காரன் வந்தான், அவன் பேரைச் சொன்னதும் நகர்ந்தது. அவன் பின்னாலேயே நழுவப் பார்த்தேன். மார்பில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. யார் கையும் இல்லை.

கொஞ்ச நாள் மறைத்தேன். கால் வலி என்றேன், காவலை விட்டு வர முடியாது என்றேன். தங்கை வீடு இதோ இந்தச் சரிவுக்குக் கீழே. துளையில் கண்ணை வைத்தால் கூரை தெரியும். குன்றன் போனபோது அவள் வந்து கூப்பிட்டாள். 'ஒரு பிடி மண்ணு போட வாண்ணே' என்று கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள். கால் வலி என்றேன். அவள் அதற்குப் பிறகு வரவில்லை. அவள் செத்தபோது எழுந்த புகையை இந்தத் துளையில்தான் பார்த்தேன்.

எயினிக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஆட்டுக்காரி ஒருத்தி சொல்லிவிட்டாள். 'அந்தத் துறைநாட்டுப் புள்ள மூணு நாள் வாசல்லயே கெடந்துதேம்மா, நான்தான் கூழ் கொடுத்தேன்' என்று. சண்டை முடிந்த மாதம் அது. அன்று சாயங்காலமே எயினி இறங்கி வந்தாள். என்னை வெட்டுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். வெட்ட முடியாது, கல்லுக்கு என் கைதான் பழக்கம். வெட்டினால் எல்லோரும் உள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

அவள் வந்து அந்தப் படியில் உட்கார்ந்தாள். 'சொல்லு, வேங்கா. நான் கேக்கறேன்' என்றாள்.

'நீங்க முதல்ல அந்தக் கிளி விஷயத்தை எல்லார் முன்னாலயும் சொல்லுங்க' என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய்விட்டாள். அடுத்த வருஷம் அதே நாளில் வந்தாள். அதே படி. அதே, 'சொல்லு, வேங்கா.' வருஷா வருஷம் வந்தாள். ஒரு நாழிகை உட்காருவாள், போவாள். எவ்வளவு பிடிவாதம் இருந்தால் ஒரு பெண்பிள்ளை அப்படி வருவாள்? நானும் விடவில்லை.

இப்போது துறைநாட்டோடு சமாதானம் எழுதி, அண்ணன் மகனுக்கு முடியைக் கட்டிவிட்டு, கடற்கரைக்குப் போகிறாள். புருஷனை எரித்த இடத்தில் ஒரு குடிசை கட்டியிருக்கிறார்களாம். இனிமேல் மலை ஏற மாட்டாள். மூச்சு வாங்குகிறதாம். அதாவது, இன்றைக்கு இந்த வாசலை அவள் தாண்டிவிட்டால் நான் சொன்னாலும் கேட்க இங்கே ஆள் இருக்காது. புரிகிறதா உனக்கு? கல் பிறகு என்னை எதற்கும் விடாது. அவளுக்கு இது தெரியும். தெரிந்தும் போகிறாள்.

கொம்பு ஊதுகிறார்கள். எழுந்திரு தாயி, கழுதைகளை ஓரமாகப் பிடி. வருகிறாள்.

*

நீயும் பார்த்தாய். நாளைக்கு யாராவது கேட்டால் சாட்சி சொல்ல நீ இருக்கிறாய்.

தலை எப்படி நரைத்துவிட்டது, பார்த்தாயா? போன வருஷம் இவ்வளவு இல்லை. பல்லக்கை நிறுத்தச் சொன்னதும் எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பெண்கள் பிடித்துக்கொள்ள இறங்கி, அந்தப் படியிலேயே போய் உட்கார்ந்தாள். என்ன சொன்னாள்? நீ கேட்டதை ஒரு தடவை சொல், நான் சரியாகக் கேட்டேனா என்று பார்க்க வேண்டும்.

ஆமாம். 'எல்லாரும் கேளுங்க. கிளின்னு ஒண்ணும் இல்லை. ஓலை கொண்டுபோனது இவர்தான். வேங்கன். இவர் கால்விரல் போனதும் எனக்காகத்தான்.' அதேதான். இவர் என்றாள். அவன் இவன் என்று சொல்லவில்லை, அதை நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் எத்தனை பேர் கேட்டார்கள்? எண்ணு. பல்லக்குத் தூக்கிகள் எட்டு. பெண்கள் நாலு. கொம்பு ஊதுகிறவன் ஒன்று, அவனுக்குக் காது மந்தம். நீ. உன் கழுதைகள். அன்றைக்குக் கல்யாணப் பந்தியில் இரண்டு நாட்டு ஜனமும் உட்கார்ந்திருந்தது. அங்கே சொல்லாததை இங்கே, மூச்சு வாங்கிக்கொண்டு, பதினாலு பேர் காதில் போட்டால் சரியாகிவிடுமா? குரல்கூட எழும்பவில்லை.

'சொல்லிடுங்க பெரியவரே' என்று நீ என் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தது கேட்டது. உனக்கு என்ன, நீ வெளியூர்க்காரி.

சொல்ல வந்தேன், தாயி. கல்லில் கை வைத்தே சொல்கிறேன், சொல்லத்தான் வந்தேன். அவள், 'சொல்லு, வேங்கா. நான் கேக்கறேன்' என்றபோது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவர் வந்தார், மூன்று நாள் நின்றார். இவ்வளவுதானே? ஆனால் அது அதோடு நிற்காது. அவர் வந்தார் என்று நான் சொன்னால், அவள் அன்றைக்கே அவரைப் பார்த்திருப்பாள் என்று ஆகிறது. பார்த்திருந்தால் சண்டை அங்கேயே நின்றிருக்கும் என்று ஆகிறது. நின்றிருந்தால் குன்றன்...

வேண்டாம், விடு. அதை இதில் சேர்க்கக் கூடாது என்று முன்னாலேயே சொன்னேன்.

அதனால்தான், 'வெயில் ஏறுதும்மா, நேரமாச்சு' என்றேன். என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குக் கஷ்டம் இல்லை. கோபம் இல்லை. பிறகு கையை நீட்டினாள், அந்தப் பெண்கள் தூக்கிவிட்டார்கள். நான் கல்லில் கை வைத்தேன். 'அரசி எயினி, புருஷன் இருக்கிற இடத்துக்குப் போகிறாள்.' எவ்வளவு லேசாக நகர்ந்தது பார்த்தாயா? என் வாழ்நாளில் அவ்வளவு லேசாக நகர்ந்தது இல்லை.

சரி, உன் முறை. கழுதைகளைக் கொண்டு வா. துறைநாட்டு முத்தாரி, உப்பு விற்று முடித்து ஊருக்குப் போகிறாள். போகிறது பார். இரு, இரு, ஒரு நிமிஷம் அப்படியே நில். அந்த வெயிலைக் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறேன்.

பல்லக்கு மெதுவாகத்தான் போகும். ஆற்றுத்துறைக்கு முன்னால் எட்டிப் பிடித்துவிடுவாய். பிடித்தால் அவளிடம் சொல். பேரைச் சொன்னது சரி, வேங்கன் ஒப்புக்கொள்கிறான். இலை இன்னும் வரவில்லை. அது பாக்கிதான். அவள் கையால்தான் வர வேண்டும், வேறு யார் போட்டாலும் நான் உட்கார மாட்டேன்.

எங்கே கொண்டுவந்து போடுவது என்று கேட்டால், இங்கேதான் இருப்பேன் என்று சொல்.